இது யாருடைய முடிவு?

இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க. அங்கே வெயில் விழுகிறது. இந்த வராந்தாவிலே நிழல் இருப்பதே இந்தப் பெஞ்சில் பாதிதான். பெரிய சார், ஹெட்மாஸ்டர்தான், உள்ளே போனில் இருக்கிறார். நான் வந்ததிலிருந்து போனில்தான் இருக்கிறார். "ஆமாங்க சார், சரிங்க சார், அனுப்பிட்டோமுங்க சார்." அதையே திருப்பித் திருப்பிச் சொல்கிறார். மேலதிகாரி போல இருக்கிறது.

நீங்க எதற்கு வந்தீங்க? போனஃபைடா? அது சுலபம். ஒரு கையெழுத்து, ஒரு சீல். நான் டி.சி. வாங்க வந்திருக்கிறேன்.

என் பெண்ணுக்குத்தான். கோகிலவாணி என்று பேர். ஒன்பதாவது. இல்லை, வேறு பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போவதில்லை. படிக்கப் போனது போதும். பத்தாவதை வீட்டில் உட்கார்ந்தே படித்துத் தனித்தேர்வு எழுதட்டும். ஏன், முடியாதா? நான் எட்டாவதோடு நின்றவன். இங்கிலீஷ் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். வட்டிக் கணக்கு, சதவீதக் கணக்கு எல்லாம் வாயாலேயே போடுவேன். நானாகக் கற்றுக்கொண்டது. எனக்கு எந்த டீச்சர் வந்து சொல்லிக்கொடுத்தார்?

பெரிய சாரிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். "எதுக்குங்க டி.சி.? நல்லாப் படிக்கற புள்ளையாச்சே" என்றார். "அது என் முடிவுங்க" என்றேன். "உட்காருங்க, கூப்பிடறேன்" என்றார். உட்கார்ந்திருக்கிறேன்.

டீச்சர் என்றாலே எனக்கு வயிறு எரிகிறது. இங்கே வேதவல்லி என்று ஒரு அறிவியல் டீச்சர் இருக்கிறார். ஸ்கூட்டரில் வருவார், பார்த்திருப்பீங்க. அவர்தான் எல்லாவற்றுக்கும் காரணம். உங்கள் பையன் எந்த வகுப்பு? ஏழாவதா? அப்படியானால் உங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம் நிம்மதி.

சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்க.

நான் பைபாஸ் ரோட்டில் எடை மேடையில் இருக்கிறேன். வண்டி மேடையில் ஏறும். உள்ளே பெட்டியில் எண் விழும். அதைச் சீட்டில் எழுதி, தேதி போட்டு, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இப்போது மெஷினே அச்சடித்துத் தள்ளுகிறது. ஆனாலும் கீழே என் கையெழுத்து இல்லாவிட்டால் தீவன மில்லில் சீட்டை வாங்க மாட்டார்கள். மக்காச்சோளம், தவிடு, கருவாட்டுத் தூள், என்ன லோடு வந்தாலும் அதேதான். டிரைவர்கள் ஆயிரம் சொல்லிப் பார்ப்பார்கள். "அண்ணா, நேத்து மழைங்ண்ணா. தார்ப்பாய் நனைஞ்சு கனம் கூடிருச்சு. பார்த்துப் போடுங்க" என்பான் ஒருவன். "காயப்போட்டு எடுத்துட்டு வா" என்பேன். நான் பார்த்ததை எழுதுவேன். பார்க்காததை எழுத மாட்டேன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்க.

அப்படிப்பட்டவன் எழுதியதைத்தான் அந்த டீச்சர் சிவப்பு மையால் அடித்தார்.

பள்ளிக்கூடம் திறந்த புதிதில் ஒருநாள் வாணி வந்து, "அப்பா, ரெண்டு கொட்டாங்குச்சி வேணும்" என்றாள்.

"எதுக்கு அம்மிணி?"

"சோதனைக்குப்பா. தட்டைப்பயறு போட்டு ஒண்ணை வெளிச்சத்துல, ஒண்ணை இருட்டுல வெச்சுப் பார்க்கோணும். எல்லாரும் வீட்டுலயே செஞ்சு, நோட்டுல எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க."

எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்ல மாட்டேன். வீட்டில் செய்கிற வேலை பாருங்க. அங்கே போகிறேன், இங்கே போகிறேன் என்று இல்லாமல் வீட்டுக்குள்ளேயே முடிகிற வேலை. எங்கள் வீட்டு நிலைமை உங்களுக்குத் தெரியாது. என் சம்சாரம் இப்போது இல்லை. வளர்மதி என்று பேர். அதை விடுங்க, பிறகு சொல்கிறேன். அவள் போன பிறகு நானும் பெண்ணும்தான். காலையில் நானே வண்டியில் கொண்டுவந்து கேட்டில் விடுவேன். சாயங்காலம் நானே வந்து அழைத்துப் போவேன். வீட்டுக்குள் விட்டு, கம்பிக் கதவைப் பூட்டிக்கொண்டு மேடைக்குத் திரும்புவேன். சாவி என்னிடம் இருக்கும். அவள் சிநேகிதி வனிதா வந்தால் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போகட்டும், யார் வேண்டாம் என்றது? எதிர்வீட்டு ராசாத்தியக்கா நான் பெண்ணைப் பூட்டி வைக்கிறேன் என்று தெருவெல்லாம் சொல்கிறாள். பூட்டி வைப்பது வேறு, பத்திரமாக வைப்பது வேறு. டி.வி. இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, தின்பதற்கு டப்பா நிறைய முறுக்கு இருக்கிறது. என்ன குறை?

சோதனைக்கு வருகிறேன். கொட்டாங்குச்சியை நானே சுரண்டிக் கொடுத்தேன். செம்மண்ணை நானே சலித்தேன். மாறிப் போகக் கூடாது என்று எடைச் சீட்டின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தாக எழுதி ஒட்டினேன். ஒன்றில் 'வெளிச்சம்', ஒன்றில் 'இருட்டு'. ராசாத்தியக்கா கம்பிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு, "ஏப்பா செங்கோடா, அப்படியே உம்பொண்ணு முதுகுலயும் ஒரு சீட்டு ஒட்டிரு" என்றாள். நான் ஒட்டின சீட்டை இன்னொரு தடவை அழுத்திவிட்டேன்.

வெளிச்சத்தை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். இருட்டைக் கட்டிலுக்கு அடியில், மிக்சி வாங்கிய அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து அதற்குள் வைத்தோம். இரண்டுக்கும் ஒரே அளவு தண்ணீர்.

ஒருநாள் தண்ணீர் விடப் பெட்டியைத் தூக்கினால், முளை நேராகப் போகாமல் ஒருபக்கமாக வளைந்து நிற்கிறது. என்னடா இது என்று பார்த்தேன். அட்டையில் பின் அடித்திருந்த இடத்தில் ஒரு சின்ன ஓட்டை. அதைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறது. அது எப்படி? இருட்டு என்றால் இருட்டாக இருக்க வேண்டாமா? மேடையிலிருந்து டேப் கொண்டுவந்து ஒட்டினேன். மறுநாள் பார்த்தால் டேப்பில் ஓட்டை, ஊக்கால் குத்தினது மாதிரி.

"எலி வந்திருக்குது போல அம்மிணி."

"ஆமாப்பா, எலியாத்தான் இருக்கும்."

மேலே இன்னொரு டேப் ஒட்டினேன். அதிலும் ஓட்டை. எலிப்பொறி வாங்கி, மசால் வடை வைத்தேன். வடை காய்ந்துபோனதுதான் மிச்சம். ஏன் சிரிக்கிறீங்க? இந்தக் காலத்து எலிகள் வடை தின்பதில்லை.

ஒரு வாரம், பத்து நாள் போயிருக்கும். இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நீங்க நம்ப மாட்டீங்க. மாடியில் வெயிலெல்லாம் குடித்தது ஒரு சாண்கூட இல்லை. கட்டிலுக்கு அடியில் கிடந்தது அதைப்போல இரண்டு மடங்கு. என் கண்ணால் பார்த்தேன். கொஞ்சம் வெளுப்புத்தான். ராசாத்தியக்கா மறுபடி எட்டிப் பார்த்து, "ஒண்ணு பயிரு, சரி. இன்னொண்ணு என்ன, சேமியாவா?" என்றாள். வாணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நாளாயிற்று. "உசரத்தைப் பாருங்கக்கா, நெறத்தை எதுக்குப் பார்க்கறீங்க" என்று நான் சொல்லிவிட்டேன்.

அன்றைக்கே ரெக்கார்டு நோட்டில் எழுதினாள். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, காண்பன. எல்லாம் எழுதி முடித்து, கடைசியில் 'முடிவு' என்று போட்டு அடிக்கோடும் போட்டுவிட்டு, பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அம்மிணி?"

"முடிவு என்னன்னு எழுதறதுன்னு யோசிக்கறேன்ப்பா."

இந்த இடத்தைக் கவனிங்க. பொருட்களை அவள் எழுதலாம். செய்முறையை அவள் எழுதலாம். அதெல்லாம் அவள் செய்தது. முடிவை யார் எடுப்பது? என் வீட்டில் எந்த முடிவானாலும் நான்தான். உங்கள் வீட்டில் ஏழாவது படிக்கிற பையனா முடிவு எடுக்கிறான்? இல்லை அல்லவா. "இப்படிக் கொடு" என்று நோட்டை வாங்கினேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதினேன்.

'முடிவு: பயிரை வெளியே வைப்பதைவிட வீட்டுக்குள் வைப்பதே நல்லது. நன்றாக வளரும்.'

தேதி போட்டேன். கீழே 'மு. செங்கோடன்' என்று கையெழுத்தும் போட்டேன். கைப்பழக்கம். "அப்பா, அது வந்து..." என்றாள். "என்ன அது?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா" என்று நோட்டை மூடிப் பைக்குள் வைத்தாள்.

நோட்டு திரும்பி வந்தது. காண்பன வரைக்கும் சரி போட்டிருக்கிறது. நான் எழுதியதன் மேல் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்வி: 'இது யாருடைய முடிவு?'

யாருடைய முடிவாம்! அதுதான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனே, கண் தெரியவில்லையா? அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் மில்லில் முழு லோடையும் இறக்குகிறார்கள். இந்த அம்மாவுக்கு அது போதவில்லை.

எங்கள் காலத்தில் இந்த வம்பே கிடையாது. எங்கள் சார் வருஷ ஆரம்பத்திலேயே எல்லாச் சோதனைக்கும் முடிவைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவார். நாங்கள் பார்த்து எழுதிக்கொள்வோம். சோதனை பிறகு நடந்தால் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை. பெரும்பாலும் இல்லை. கண்ணாடிப் பீரோவின் சாவி தொலைந்துபோயிருந்தது. நீல லிட்மஸ் சிவப்பாக மாறும் என்று நான் எழுதினேன். லிட்மஸ் என்பது தாளா, தண்ணீரா, பூச்சியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் சரி போட்டார்கள். நாங்களெல்லாம் உருப்படாமலா போய்விட்டோம்?

நானே நேரில் வந்து கேட்டிருப்பேன். அதற்குள் அந்த டீச்சரே மேடைக்கு வந்துவிட்டார். வந்தவர் ஓரமாக நிறுத்தக் கூடாதா? ஸ்கூட்டரை நேரே எடை மேடை மேல் ஏற்றி நிறுத்தினார். பின்னால் டிரைவர் கதிரேசன் லோடு வண்டியை வைத்துக்கொண்டு ஆரன் அடிக்கிறான். தலையை வெளியே நீட்டி, "அண்ணா, டீச்சருக்குச் சீட்டுப் போட்டு அனுப்புங்க, எனக்கு நேரமாகுது! காலி வண்டியா, லோடு வண்டியான்னு கேட்டுக்குங்க!" என்றான். வேறொருத்தியாக இருந்தால் முகம் சிவந்திருக்கும். இவர் தோள்பையைத் தட்டிக் காட்டி, "லோடுதாங்க. ஒரு கிளாஸ் நோட்டு மொத்தமும் இதுக்குள்ள இருக்கு" என்றார். கோபமே வராத ஆட்களை எனக்குப் பிடிக்காது.

"வாணி அப்பா, ஒரு விஷயம் கேட்க வந்தேன். நாமக்கல்லுல மாவட்ட அறிவியல் கண்காட்சி. வாணியோட சோதனையை அங்க வைக்கலாம்னு இருக்கேன். காலையில பஸ்ல போய்ட்டு சாயங்காலம் வந்துரலாம். நான் கூடவே இருப்பேன்."

"முதல்ல நான் எழுதுனதை எதுக்கு அடிச்சீங்க? அதைச் சொல்லுங்க."

"அழகான கையெழுத்துங்க. ஆனா நோட்டு வாணியோடதில்லையா?"

"பார்த்ததைத்தான் எழுதினேன். இருட்டுல வெச்சதுதான் உசரம். இல்லைன்னு சொல்லுங்க பார்க்கலாம்."

"உசரம்தான். நானும் இல்லைங்கல. உசரமா இருந்தா நல்லா இருக்குன்னு அர்த்தமா? தொட்டுப் பார்த்தீங்களா, தண்டு எப்படி இருந்துச்சுன்னு?"

"லோடைத் தொட்டுப் பார்த்தா எடை போடறோம்?"

கதிரேசன் வண்டியில் இருந்தபடியே கைதட்டினான். டீச்சர் விடவில்லை. "சரிங்க, ஒரு லாரி ஏறுது. விழுந்த எண் மேல உங்களுக்கே சந்தேகம் வருது. என்ன செய்வீங்க?"

"கீழ இறக்கி மறுபடி ஏத்திப் போடுவேன்."

"நானும் அதைத்தான் சொல்றேன். அவளும் மறுபடி போட்டுப் பார்க்கட்டும்."

"லாரி வேற, பயிர் வேற" என்றேன். எப்படிச் சொன்னேன் பார்த்தீங்களா?  தோள்பையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, "யோசிச்சுச் சொல்லுங்க" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். யோசிக்க என்ன இருக்கிறது? நாமக்கல்லாம், பஸ்ஸாம். பஸ் ஏற வேண்டுமானால் என் பெண் பைபாஸைத் தாண்டி நிற்க வேண்டும்.

பிறகு சொல்கிறேன் என்றேன் இல்லையா, வளர்மதியைப் பற்றி.

நான் கடையில் சாப்பிட மாட்டேன். எனக்கு ஒத்துக்கொள்ளாது. மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். அன்றைக்கு வண்டிகள் வரிசை கட்டி நின்றன, நகர முடியவில்லை. அவள் தூக்குப்போசியில் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். நான் கொண்டுவரச் சொல்லவில்லை. போனில் பசிக்குது என்றுதான் சொன்னேன். கொண்டுவா என்று சொல்லவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்று, போசியைத் தூக்கிக் காட்டினாள். ரோட்டில் இறங்கினாள். என் மேடையிலிருந்து இறங்கிப் போன வண்டிதான். அதன் சீட்டை அப்போதுதான் கிழித்துக் கொடுத்திருந்தேன். லோடு வண்டி. அதன் எடை எனக்குத் தெரியும். இன்றைக்கும் தெரியும். அதைச் சொல்ல மாட்டேன், கேட்காதீங்க.

வீட்டுக்குள் இருந்திருந்தால் இருந்திருப்பாள். இதற்குச் சோதனை வேறு வேண்டுமா? கண்காட்சி வேறு வேண்டுமா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அந்த டீச்சர் என்னிடம் பேசிவிட்டுப் போனதோடு நிற்கவில்லை. வாணியை வகுப்பில் உட்காரவைத்து மறுபடி எழுதச் சொல்லியிருக்கிறார். நேற்று நோட்டைப் புரட்டினேன். அடித்துப் போட்ட என் வரிக்குக் கீழே, அவள் எழுத்தில். எத்தனை தடவை படித்தேனோ, மனப்பாடமே ஆகிவிட்டது. சொல்கிறேன் கேளுங்க.

'பெட்டிக்குள் வைத்த செடி உயரமாக இருந்தது. ஆனால் தண்டு மெலிந்து, இலை வெளுத்து இருந்தது. அது நன்றாக இருந்ததால்தான் உயர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. வெளிச்சம் எங்கே என்று தேடித்தான் உயர்ந்தது என்று நினைக்கிறேன். ஒரு தடவைதான் செய்து பார்த்தோம். அதனால் முடிவு எழுத முடியாது. மறுபடியும் செய்து பார்க்க வேண்டும்.'

நினைக்கிறாளாம். முடிவு என்று தலைப்புப் போட்டுவிட்டு, கீழே முடிவு எழுத முடியாது என்று எழுதினால் அதற்கு என்ன பேர்? இதற்கு 'மிக நன்று' என்று சிவப்பு மையில் போட்டு இரண்டு கோடு வேறு. நான் ஒரு சீட்டில், 'உறுதியாகச் சொல்ல முடியாது, இன்னொரு தடவை வாங்க' என்று எழுதிக் கொடுத்தால் அந்த மேடையில் என்னை ஒருநாள் வைத்திருப்பார்களா?

சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன். "என்ன அம்மிணி எழுதி வெச்சிருக்கறே?"

தட்டில் சோறு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொல்கிறாள். "ஒரு தடவை நடந்ததை வெச்சு முடிவு பண்ணக் கூடாதுப்பா."

"எத்தனை தடவை நடக்கோணும்?" என்று கத்தினேன். "நான் இன்னும் எத்தனை தடவை பார்க்கோணும்? சொல்லு! எத்தனை தடவை?" தட்டைத் தள்ளிவிட்டேன். குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. நான் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. அவள் அம்மா இருக்கும்போது ஒருநாளும் தட்டைத் தள்ளினதில்லை.

"நான் செடியைச் சொன்னேன்ப்பா" என்றாள்.

செடியைச் சொன்னாளாம். துணியை நனைத்து எடுத்துவந்து சுவரைத் துடைத்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட விட்டிருப்பேன். "நாளைக்கே டி.சி. வாங்கறேன்" என்றேன். துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு, "சரிப்பா" என்றாள். அந்தச் சரிதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் அம்மாவும் இப்படித்தான் சரி என்பாள். சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

அதனால்தான் வந்து உட்கார்ந்திருக்கிறேன். இன்றைக்கு வாங்காமல் போக மாட்டேன்.

என்ன கேட்டீங்க? அந்த இருட்டுச் செடி பிறகு என்ன ஆயிற்றா? நல்ல கேள்வி கேட்டீங்க. அதுதான் என் பக்கத்துப் பெரிய சாட்சி. நோட்டு எழுதின மறுநாள் அதைக் கொண்டுபோய் மொட்டை மாடியில் வெயிலில் வைத்தாள். வைத்த அன்றைக்கே தலை சாய்ந்துவிட்டது. நூலாகத் துவண்டு கொட்டாங்குச்சிக்கு வெளியே தொங்கியது. "பார்த்தியா அம்மிணி, வெளியே எடுத்தா இதுதான் கதி. இதையும் எழுதிக்கச் சொல்லு உங்க டீச்சரை" என்றேன். பிறகா? பிறகு செத்திருக்கும். இல்லை, நான் பார்க்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பார்க்காமல் எப்படிச் சொல்கிறேன் என்றா? நீங்க என்னங்க, அந்த டீச்சருக்குச் சொந்தக்காரரா?

அதோ வருகிறாளே, இரட்டைச் சடை போட்டுக்கொண்டு, அதுதான் என் பெண். பையை எடுத்துக்கொண்டு வா என்று அனுப்பினால், கையில் வேறு எதையோ தூக்கிக்கொண்டு வருகிறாள் பாருங்க.

"என்ன அம்மிணி இது? பை எங்கே?"

"பையை வனிதா எடுத்துட்டு வர்றாப்பா. புதுசாப் போட்ட கொட்டாங்குச்சியெல்லாம் அவ பார்த்துக்குவாளாம். இது நம்ம வீட்டோடதுன்னு எடுத்துக்கிட்டேன்."

"எது நம்ம வீட்டோடது?"

"அதேதான்ப்பா. சேமியா."

"வெளையாடாத. இது வேற."

"சீட்டைப் பாருங்கப்பா."

இருங்க. இதைக் கொஞ்சம் பிடிங்க. ஆமாம், என் சீட்டுத்தான். தண்ணீர் பட்டு மை கலங்கியிருக்கிறது, ஆனால் என் கையெழுத்து. 'இருட்டு'.

"மாத்தி ஒட்டிட்டீங்களா அம்மிணி?"

"இல்லப்பா. சாஞ்சதும் ஈர்க்குச்சி நட்டுக் கட்டி வெச்சோம். மொதல்ல நிழல்ல வெச்சோம். அப்புறம் தெனம் கொஞ்சம் கொஞ்சமா வெயிலுக்கு நகர்த்தினோம். ஒரேயடியா வெளிய வெச்சதாலதான் அன்னிக்குச் சாஞ்சுருச்சுன்னு டீச்சர் சொன்னாங்க. நீங்க வெச்சுக்கிட்டு இருங்க, வனிதாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துர்றேன்."

போய்விட்டாள். ஓடுகிறாள் பாருங்க, இன்றைக்குத்தான் கடைசி நாள் என்று தெரிந்தும்.

ஏனுங்க, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. எனக்கு இந்த வெயிலில் கண் கூசுகிறது. அடித்தண்டு அதே வெளுப்புத்தான், அதே மெலிசுதான். அது மாறவில்லை. மேலே வந்திருக்கிற இலை இருக்கிறதே, இதோ இது, இது என்ன நிறம்? பச்சைதானே? பச்சைதான். பார்த்ததை இல்லை என்று நான் சொன்னதில்லை. இந்த நுனியில் இன்னொன்று சுருண்டு இருக்கிறது, அது இன்னும் விரியவில்லை. ஈர்க்குச்சியில் கட்டியிருக்கிற நூல், பாருங்க, அவள் ரிப்பனில் உருவின நூல்.

கூப்பிடுகிறார்களா? யாரை? "கோகிலவாணி அப்பா"வா? என்னைத்தான்.

இல்லை, நீங்க போங்க. உங்களுக்கு ஒரு கையெழுத்து, ஒரு சீல், சட்டென்று முடிந்துவிடும். எனக்கு நேரம் ஆகும். கேட்டால் நான் சொன்னேன் என்று சொல்லுங்க. அந்த டீச்சர் மேல் கோபம் போய்விட்டது என்று மட்டும் நினைக்காதீங்க. போகவில்லை. போகவும் போகாது. என் கையெழுத்தை அடித்தவர் அவர்.

எழுந்திருங்க, எழுந்திருங்க. அந்த இடத்தைக் கொஞ்சம் விடுங்க. வெயில் இப்போது அதுவரைக்கும் வந்துவிட்டது. முழுக்க வேண்டாம். பாதி நிழலில், பாதி வெயிலில் இருக்கிற மாதிரி வைக்கிறேன். ஒரேயடியாக வைத்தால் சாய்ந்துவிடுமாம்.